புல் பிழைத்தது, தக்காளி பட்டுப்போனது

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தக்காளிக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார் பக்கத்து வீட்டு அக்கா. "தம்பி, இது என்ன நோய் என்று பாருங்களேன். நாலைந்து நாளாக இப்படியே சுருண்டுகொண்டு போகிறது" என்றார். இலை இலையாகவே இல்லை. அகன்று விரிய வேண்டியது நாடாபோல ஒடுங்கி, நரம்புகள் வரிவரியாகப் புடைத்து நின்றன. தண்டு முறுக்கிய கயிறுபோல வளைந்திருந்தது. நோய் இல்லை என்பது பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. பத்து நாளைக்கு முன் வேலிக்கு இந்தப் பக்கம், நான் பராமரிக்கும் கால்பந்து மைதானத்தில், அகன்ற இலைக் களைகளுக்கு மருந்து அடித்திருந்தேன். அங்கே களைகளும் இதே கோலத்தில்தான் கிடந்தன. அதைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரமாகப் பெருமையில் இருந்தவன் நான்.

உண்மையைச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "உங்கள் புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையே. புல்லை ஒன்றும் செய்யாத மருந்து என் செடியை மட்டும் எப்படிக் கெடுக்கும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அவருடைய கேள்விக்கான பதில்தான்.

தேர்ந்தெடுத்துக் கொல்லும் களைக்கொல்லி என்று சொன்னதும், அது களையைத் தேர்ந்தெடுக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். களை என்றால் என்னவென்று அந்த மருந்துக்குத் தெரியாது. களை என்பது நாம் வைத்த பெயர். தாவர உலகத்தில் அப்படி ஒரு குடும்பமே கிடையாது. மருந்துக்குத் தெரிந்தது இரண்டு சாதி மட்டும்: அகன்ற இலை, அகன்ற இலை அல்லாதது. தக்காளி, பருத்தி, திராட்சை, அவரை, ரோஜா எல்லாமே அதன் கணக்கில் அழிக்க வேண்டியவை. அதிலும் முதல் மூன்றும் மிக நொய்ந்தவை. மைதானத்துப் புளியாரை சாகாத அளவிலேயே தக்காளி சுருண்டுவிடும்.

2,4-டி, எம்சிபிஏ, மெகோப்ராப், டைகாம்பா, ட்ரைகுளோபிர், ஃப்ளூராக்ஸிபிர் என்று பாட்டில்களில் காணும் பெயர்கள் எல்லாம் ஒரே வேலையைச் செய்யும் பங்காளிகள். செடியின் வளர்ச்சியை நடத்தும் ஆக்சின் என்ற ஹார்மோனைப் போல வேடம் போடுபவை. இவற்றில் மூத்தவை 2,4-டியும் எம்சிபிஏயும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்து, 1940-களின் நடுவில் விற்பனைக்கு இறங்கின. செடி தன்னுடைய ஆக்சினை வேலை முடிந்ததும் உடைத்துவிடும். இந்த வேடதாரியை அப்படி எளிதில் உடைக்க முடிவதில்லை. வளர், வளர் என்ற கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்க, தண்டு ஒரு பக்கம் நீண்டு முறுக்கிக்கொள்கிறது. உள்ளே திசு கண்டபடி பெருகி உணவு போகும் வழியை அடைக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் வேர் பட்டினியில் போய்விடும். முதல் நாளே முறுக்கிக்கொள்வதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எண்ணக்கூடாது. சாவது மெதுவாகத்தான்.

புல் ஏன் பிழைக்கிறது? அதன் நாளங்கள் தண்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மற்றச் செடிகளில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளையமாகப் பெருகும் திசு புல்லுக்கு இல்லை. மருந்து உள்ளே அதிகம் பரவுவதில்லை. பரவியதையும் புல் விரைவாக வேறு பொருளாக மாற்றிக் கட்டிப்போட்டுவிடுகிறது. வளரும் குருத்தும் இலையுறைகளுக்குள் தரையோடு ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆனால் இது முழுக் கவசம் அன்று. செயின்ட் அகஸ்டின் புல்லும் பென்ட் புல்லும் 2,4-டியைச் சரியாகத் தாங்குவதில்லை. அருகு 2,4-டியைத் தாங்கும், ட்ரைகுளோபிர் பட்டால் வெளிறி வாடும். விதைத்து முளைத்த இளம் புல் எதையும் தாங்காது. மூன்று நான்கு முறை வெட்டி வேர் ஊன்றிய பிறகுதான் மருந்தைப் பற்றியே பேச வேண்டும். உங்கள் தரையில் இருப்பது எந்தப் புல் என்று பெயரோடு தெரியாமல் பாட்டிலைத் திறக்க வேண்டாம். பெரும்பாலோர் களையின் பெயரைத் தேடுவார்கள்; புல்லின் பெயரை யாரும் தேடுவதில்லை.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

அன்று வெயில் 34 டிகிரி. இலை அசையவில்லை. காற்றே இல்லாத நாள்தான் மருந்தடிக்க நல்ல நாள் என்பது என் எண்ணம். விசைத்தெளிப்பானில் அழுத்தத்தை ஏற்றி வைத்து, புகைபோலப் பொடித்துளியாக அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. பாட்டிலில் இருந்தது எஸ்டர் வகை. அந்த ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அன்று எனக்குத் தெரியாது.

2,4-டி பெரும்பாலும் இரண்டு உருவில் வரும்: அமீன் உப்பு, எஸ்டர். எஸ்டர் மெழுகுப் பூச்சுள்ள இலைக்குள் வேகமாக இறங்கும்; குளிர்ந்த நாள்களில் நன்றாக வேலை செய்யும்; அடித்து ஒரு மணி நேரம் கழித்து மழை வந்தாலும் பெரிதாக நட்டமில்லை. ஆனால் வெயிலில் அது ஆவியாகும். இலைமேல் விழுந்து காய்ந்த பிறகும் எழுந்து போகும். அதாவது அடித்து முடித்து, கை கழுவி, வீட்டுக்குப் போன பிறகும் மருந்து நடந்துகொண்டிருக்கும். அமீன் அப்படி எளிதில் ஆவியாகாது. அதற்குப் பதிலாக நான்கைந்து மணி நேரம் மழையில்லாமல் இருக்க வேண்டும். பக்கத்தில் தோட்டமோ திராட்சைக் கொடியோ இருந்தால் அமீன்தான், அதிலும் 28 டிகிரிக்கு மேல் போனால் வேலையைத் தள்ளிப்போடுவது என்று வைத்திருக்கிறேன்.

காற்றே இல்லாத நேரம் நல்லது என்பதும் தவறு. மாலையிலும் விடியலிலும் தரையோடு குளிர்ந்த காற்று படிந்து, அதன்மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துவிடுவது உண்டு. அப்போது எழும்பும் நுண்துளிகள் மேலேயும் போகாது, கீழேயும் விழாது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, மெல்லிய அசைவு கிடைத்ததும் ஒட்டுமொத்தமாகப் பக்கத்து நிலத்துக்குப் போய் இறங்கும். அடுப்புப் புகை மேலே போகாமல் படுக்கையாகப் பரவும் மாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் தெளிப்பானைத் தொடக்கூடாது. மெல்லிய, ஒரே பக்கமாக வீசும் காற்று வேண்டும். மணிக்கு 3 கிலோமீட்டரிலிருந்து 15 வரை என்பது நான் பின்பற்றும் அளவு. வேலியோரம் ஒரு குச்சியில் பழைய கேசட் நாடாவைக் கட்டிவைத்திருக்கிறேன். கேசட்டுக்கு இன்னும் ஒரு பயன் இருக்கிறது என்றால் இதுதான். நாடா தோட்டத்தின் பக்கம் திரும்பினால் அன்றைக்கு வேலை இல்லை.

துளியும் முக்கியம். விசிறிபோல அடிக்கும் நாசிலில் பெரிய துளி தருவதை வாங்கி, அழுத்தத்தைக் குறைத்து, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் போதும். இந்த மருந்து செடிக்குள் ஓடிப் பரவக்கூடியது. இலையின் ஒவ்வொரு மூலையும் நனைய வேண்டும் என்பதில்லை. இலை சொட்டச் சொட்ட அடிப்பது பூச்சிமருந்துப் பழக்கம்.

அந்த முதல் ஆண்டில் வேறு ஒரு சண்டையும் நடந்தது. மைதானத்தில் பாதிக் களை சாகவில்லை என்று மருந்து விற்றவரிடம் போய், போலி மருந்து கொடுத்துவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் அமைதியாக, சாகாத களையில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வரச் சொன்னார். கொண்டுபோனேன். தண்டை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டச் சொன்னார். உருளவில்லை, மூன்று பட்டையாக விரலில் தட்டியது. "இது கோரை. புல்லும் இல்லை, அகன்ற இலையும் இல்லை. இதற்கு அந்த மருந்து எதற்கு?" என்றார். நான் எதுவும் சொல்லாமல் திரும்பி வந்தேன். கோரைக்கு என்று தனி மருந்துகள் இருக்கின்றன. அதன் கிழங்கு பூமிக்குள் இருப்பதால் ஒரு தடவையோடு முடியும் காரியமும் அன்று.

அகன்ற இலைக் களைகளிலும் எல்லாம் ஒன்றல்ல. தரையோடு தட்டையாக ரோஜா இதழ் அடுக்குபோல விரியும் பிளான்டாகோ, நம் இசப்கோலின் சொந்தக்காரன், 2,4-டிக்குச் சுலபமாகப் போய்விடும். மூன்று மூன்று இலையாகப் படரும் வெள்ளைக் குளோவரும் புளியாரையும் போகாது; இலை சுருண்டு, மூன்று வாரம் சோர்ந்து கிடந்து, பிறகு எதுவும் நடக்காததுபோல் எழுந்துவிடும். குளோவருக்கு மெகோப்ராப், டைகாம்பா கலந்தவை நன்றாகக் கேட்கும். புளியாரைக்கு ட்ரைகுளோபிர் அல்லது ஃப்ளூராக்ஸிபிர். இரண்டு மூன்று மருந்து கலந்த பாட்டில்கள் விற்கப்படுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் டைகாம்பா மண்ணில் நீரோடு நகரக்கூடியது. மரத்தின் கிளை விரிப்புக்குக் கீழே அடித்தால் வேர் உறிஞ்சி மரமே சுருளும். மைதானத்தின் ஓரத்தில் நிழலுக்கு நிற்கும் மரங்களைச் சுற்றி நான் கையால்தான் களை எடுக்கிறேன்.

அளவு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தவறு செய்வதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது.

முதல் ஆண்டு என் அளவு மூடிக்கணக்கு. டேங்குக்கு மூன்று மூடி. களை அடர்த்தியாகத் தெரிந்த இடத்தில் நடையைக் குறைத்துக்கொள்வேன், அதற்கும் சேர்த்து. வரிசை முடிந்து திரும்பும்போது விசையை விடாமலே திரும்புவேன். விளைவு, மைதானத்தில் மஞ்சள் பட்டைகள் ஓடின. இரண்டு முனையிலும் பிறை வடிவில் கருகிய புல். இந்த இடத்தில் ஒருவர் மருந்தோடு திரும்பியிருக்கிறார் என்று யாரும் சொல்லிவிடலாம்.

இப்போது ஒவ்வொரு பருவத்திலும் முதலில் வெறும் தண்ணீரோடுதான் தொடங்குகிறேன். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டி 100 சதுர மீட்டர் பிரிக்கிறேன். டேங்கில் 5 லிட்டர் தண்ணீர் அளந்து ஊற்றி, என் வழக்கமான நடையில் அந்தச் சதுரம் முழுவதும் ஒரே சீராக அடிக்கிறேன். மீதியை அளக்கிறேன். எனக்கு 2 லிட்டர் மிஞ்சும். ஆக 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர்; ஹெக்டேருக்கு 300 லிட்டர். என் 16 லிட்டர் டேங்க் 533 சதுர மீட்டருக்கு வரும். லேபிளில் ஹெக்டேருக்கு 2 லிட்டர் மருந்து என்று போட்டிருந்தால், ஒரு டேங்குக்கு 107 மில்லி. என் பழைய மூடி 60 மில்லி பிடிக்கும் என்று பிற்பாடு அளந்து பார்த்தேன். மூன்று மூடி 180 மில்லி. வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள மைதானம் 7,140 சதுர மீட்டர். பதின்மூன்றரை டேங்கில் முடிய வேண்டும். பதினாறு டேங்க் ஆனால் எங்கோ நின்று நின்று நடந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். என் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் நடை, உங்கள் நாசில். நாசில் தேய்ந்தால் அதே நடைக்கு அதிகமாக ஊற்றும், ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்தாக வேண்டும். மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் வலிமை ஒன்றல்ல. லிட்டருக்கு 500 கிராம் உள்ளதும் உண்டு, 720 கிராம் உள்ளதும் உண்டு. போன முறை பாட்டிலுக்கு வைத்த கணக்கைப் புதுப் பாட்டிலுக்கு வைத்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

அதிகமாக ஊற்றினால் களை சீக்கிரம் சாகுமே, புல் கொஞ்சம் மஞ்சளானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சியில் இருந்தவன். ஹார்மோன் மருந்து இலையிலிருந்து வேருக்குப் பயணம் போக வேண்டும். அளவுக்கு மேல் போனால் இலையும் காம்பும் முதலில் கருகிவிடும்; பயணம் போகும் பாதையே அடைபட்டுப்போகும். மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஒன்றரை மாதத்தில் வேர்க்கட்டையிலிருந்து துளிர் வரும். அதிகமாக ஊற்றிய ஆண்டில்தான் எனக்குக் களை அதிகமாகத் திரும்பி வந்தது.

இதே காரணத்தால் வறட்சியில் அடிப்பதும் வீண். தண்ணீருக்குத் தவிக்கும் செடி இலையின் மெழுகைத் தடிப்பாக்கிக்கொண்டு, உள்ளே எல்லா வேலையையும் நிறுத்தி வைத்திருக்கும். மருந்து உள்ளே போகாது. போனாலும் கீழே இறங்காது. நீர் பாய்ச்சி அல்லது மழைக்குப் பிறகு, களை புதிதாக இலை விட்டு வேகமாக வளரும் நேரத்தில் அடிப்பதுதான் சரி. இளங்களை என்றால் இன்னும் நல்லது. பல்லாண்டுக் களைகளை, அவை பூத்து முடித்து வேருக்கு உணவை இறக்கும் பருவத்தில் பிடித்தால், உணவோடு மருந்தும் இறங்கும்.

புல் வெட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், கடமையில் கெட்டி. நான் மருந்தடிக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, எனக்கு உதவியாக முந்தின நாளே மைதானத்தை ஒட்ட வெட்டி வைத்துவிட்டார். மருந்தை ஏந்திக்கொள்ள இலையே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, நான் சொல்லியிருக்க வேண்டும். அடிப்பதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்னும் பின்னும் வெட்டக்கூடாது. பின்னால் வெட்டினால், வேருக்குப் போகாத மருந்தை இலையோடு சேர்த்து அள்ளிப் போட்டுவிடுவோம். அந்தப் புல்லை எருக்குழியிலும் செடிகளுக்கு மூடாக்காகவும் போடக்கூடாது. முதல் சில வெட்டுகளைத் தரையிலேயே விட்டுவிடலாம். குளோவர் பூத்திருந்தால் மட்டும் ஒரு விலக்கு. தேனீக்கள் மொய்க்கும் பூவின்மேல் அடிப்பதைவிட, பூவை முன்கூட்டியே வெட்டிவிட்டு, நான்கைந்து நாள் இலை விடக் காத்திருந்து அடிக்கலாம்.

தண்ணீரும் சதி செய்யும். என் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர். வாளியில் வெள்ளைப் படிவு கட்டும். அதில் அமீனை ஊற்றினால் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து தயிர்போலத் திரிந்து நாசிலை அடைத்துவிடும். அடைக்காவிட்டாலும் வீரியம் குறையும். மழைநீர் பிடித்து வைத்து அதில் கலக்கிறேன். அது இல்லாதபோது அம்மோனியம் சல்பேட்டை முதலில் கரைத்துவிட்டு, பிறகு மருந்து.

தெளிப்பானைக் கழுவுவது பற்றிச் சுருக்கமாக: கழுவினால் போகும் என்று நம்பாதீர்கள். எஸ்டர் வகை ரப்பர் குழாயிலும் வாஷரிலும் ஊறிப்போகும். மூன்று முறை அலசி, வீட்டு உபயோக அம்மோனியா கலந்த நீரை இரவு முழுவதும் நிறுத்தி வைத்து, மறுநாள் திரும்ப அலச வேண்டும். அதற்குப் பிறகும் அந்தத் தெளிப்பானைத் தோட்டத்துக்கு எடுத்துப்போக எனக்குத் துணிச்சல் இல்லை. களைக்கொல்லிக்கு என்றே ஒன்றைத் தனியாக வைத்து, யாரும் கைமாற்றாகக் கேட்டுவிடக்கூடாது என்று சிவப்பு வண்ணம் அடித்து வைத்திருக்கிறேன். அலசிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது. அடித்த புல்தரையின் மேலேயே அடித்துவிட வேண்டும்.

உடம்புக்கு? இதைக் கேட்காதவர் இல்லை. வியட்நாம் போரில் வானிலிருந்து தெளிக்கப்பட்ட ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி 2,4-டிதான், உண்மை. அதில் பெருங்கேடு செய்த டயாக்சின் நஞ்சு, கலவையின் மறுபாதியான 2,4,5-டியோடு வந்தது. அதற்காக இதைத் தண்ணீர்போல எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் 2,4-டியைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவற்றின் வரிசையில் வைத்தது. எனக்கு நேரடியாகப் பயம் கண்ணைப் பற்றித்தான். அமீன் உப்புகள் கண்ணில் பட்டால் கடுமையாகக் காயப்படுத்தும். ஆபத்து அடிக்கும்போதைவிட, பாட்டிலைத் திறந்து அளக்கும்போதுதான் அதிகம். கலக்காத மருந்து அப்போதுதான் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் நான்கும் போட்டுக்கொண்டுதான் மூடியையே திறக்கிறேன். குழந்தைகளும் நாய்களும் மருந்து முழுக்கக் காயும் வரை உள்ளே வரக்கூடாது. நான் இரண்டு நாள் வாயிற்கதவைப் பூட்டிவிடுகிறேன், கால்பந்து விளையாடும் பிள்ளைகள் திட்டினாலும்.

மைதானத்தில் ஓரளவு தேறிய பிறகு, மாடு வளர்க்கும் என் சித்தப்பா தன் மேய்ச்சல் நிலத்தைப் பார்க்கச் சொன்னார். ஆணிவேர் ஆழமாக இறங்கும் காட்டுச் சுக்கான் செடி நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. மைதானத்துக்கு அடித்த கலவையையே அங்கும் அடித்தேன். சுக்கான் போனது. கூடவே நிலத்தில் பரவியிருந்த குளோவர் முழுவதும் போனது. "மாடு ஆசையாகத் தின்றதையெல்லாம் கொன்றுவிட்டு, களையைக் கொன்றேன் என்கிறாயே" என்றார் சித்தப்பா. மைதானத்தில் களை, மேய்ச்சல் நிலத்தில் தீவனம். அதுவும் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துப் புல்லுக்குக் கொடுக்கும் தீவனம். மறு ஆண்டு அவர் யூரியா வாங்க வேண்டிவந்தது.

குளோவரைக் காப்பாற்ற வழி இருந்திருக்கிறது. 2,4-டிபி என்று ஒரு மருந்து. பாட்டிலில் இருக்கும்போது அது ஏறக்குறைய சாது. செடிக்குள் போன பிறகு செடியே அதை 2,4-டியாக மாற்றித் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். குளோவர் போன்ற பயறு வகைகளில் அந்த மாற்றம் மிக மெதுவாக நடப்பதால் அவை தப்பிக்கின்றன. செடியின் பழக்கத்தையே அதற்குப் பொறியாக வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

மேய்ச்சல் நிலத்தில் இன்னும் இரண்டு விஷயம். நச்சுச் செடிகளை மாடுகள் சாதாரணமாக முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போகும். மருந்து பட்டு வாடும்போது அதே செடி அவற்றுக்குச் சுவையாகிவிடும். நஞ்சு மட்டும் அப்படியே இருக்கும். மஞ்சளாகப் பூக்கும் ரேக்வோர்ட் இதற்குப் பெயர் போனது, ஈரலைக் கெடுத்துவிடும். ஆகவே லேபிளில் சொல்லும் நாள் கணக்கோடு நிற்காமல், நச்சுச் செடிகள் மக்கிக் காணாமல் போகும் வரை மாட்டை உள்ளே விடக்கூடாது. கறவை மாடு என்றால் நாள் கணக்கு தனியாகப் போட்டிருப்பார்கள்.

மற்றது சாணம். குளோபைராலிட், அமினோபைராலிட், பிக்லோராம் ஆகிய மூன்று களைக்கொல்லிகளும் புல்லில் தங்கி, மாட்டின் வயிற்றிலும் உடையாமல், சாணத்தோடு எருக்குழிக்குப் போய், எருவிலும் நெடுநாள் இருக்கும். பிரிட்டனில் இப்படி எரு போட்ட தோட்டங்கள் பல கெட்டு, 2008-இல் அமினோபைராலிட் விற்பனையே சில காலம் நிறுத்திவைக்கப்பட்டது. அக்காவின் தக்காளிக்கு நேர்ந்தது வேலி தாண்டி வந்த வினை. இதுவோ வண்டி ஏற்றி, நன்றி சொல்லி வாங்கிப் போகும் வினை. வெளியிலிருந்து எருவோ வைக்கோலோ வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். சந்தேகமுள்ள எருவை மண்ணோடு கலந்து மூன்று தொட்டியிலும், எரு போடாத மண்ணை மூன்று தொட்டியிலும் நிரப்பி, எல்லாவற்றிலும் அவரை விதை ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் இலை கிண்ணம்போல் குழிந்தாலோ கொழுந்து முறுக்கிக்கொண்டாலோ அந்த எரு காய்கறித் தோட்டத்துக்கு ஆகாது. சித்தப்பாவின் சாணத்தை நான் இன்றைக்கும் இப்படிச் சோதித்துவிட்டுத்தான் அக்காவின் தோட்டத்துக்குக் கொடுக்கிறேன்.

மைதானத்தில் இப்போது முழுப் பரப்புக்கும் அடிப்பதை நிறுத்தி ஐந்தாண்டு ஆகிறது. நல்லெண்ணத்தால் நிறுத்தவில்லை, தேவைப்படவில்லை. மூன்றாம் ஆண்டில், களை செத்த வட்டங்களில் புல் வந்து மூடுவதற்குள் வேறு களை வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். மருந்து இடத்தைக் காலி செய்து கொடுக்கும். குடியேறுவது யார் என்பது அதன் கையில் இல்லை. குளோவர் அடர்ந்து நின்ற மூலையில் தழைச்சத்துக் குறைவு. உரம் கொடுத்ததும் புல் மேலெழுந்து அதை அமுக்கியது. கோரை நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியது. புளியாரை, புல்லை மொட்டையாக வெட்டிய ஓரங்களில் மட்டும் இருந்தது. வெட்டும் உயரத்தைக் கூட்டச் சொன்னேன், பெரியவருக்கு அதில் இன்னும் உடன்பாடு இல்லை. காலியான திட்டுகளில் விதை தூவ மருந்தடித்து நான்கு வாரம் பொறுக்கிறேன். இப்போது சிவப்புத் தெளிப்பான் வெளியே வருவது ஆண்டுக்கு இரண்டு முறை, தனித்தனிக் களைகளைத் தேடித் தொட்டு அடிக்க மட்டும். வெளியே எடுப்பதற்கு முன் வேலியோரம் போய்க் குரல் கொடுப்பேன். அக்கா கேசட் நாடாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தலையசைப்பார்.

கோல் கம்பங்களுக்கு முன்னால் மட்டும் பிளான்டாகோ இன்னும் இருக்கிறது. அதற்கு நான் மருந்து அடிப்பதில்லை. பிள்ளைகள் மிதித்து மிதித்துக் கல்லாக இறுகிய மண் அது; அங்கே வேறெதுவும் வராது. மழை பெய்து தரை இளகியதும் இரும்பு முள்ளால் குத்தித் துளை போட வேண்டும். போன வாரம் பாதிதான் முடிந்தது, முள்ளில் ஒரு பல் வளைந்துவிட்டது.